நல்லாப் படிக்கிற அம்பிளிஃபயருக்குள்ள எர்த் வயர் வெட்டிக் கிடந்தது

வட்டக்கச்சியில எங்கட பக்கத்து வளவு மாமா ஒரு அம்பிளிஃபயரைக் கொண்டு வந்து தந்தவர். கடையில செற் பண்ணி வித்த சாமான், கம்பனி சாமான் இல்லை. முன்னுக்கு கறுப்பு அக்ரிலிக் பிளேட், நீல எல்ஈடி, ரெண்டு ஊசி மீற்றர், பாக்க நல்ல வடிவு. பாட்டும் குறை சொல்லேலாத மாதிரித்தான் படிக்குது. அவர் சொன்னது இவ்வளவுதான், "தம்பி, வெறுங்காலோட நிண்டு வொலியூமைப் பிடிச்சா சுள்ளெண்டு இழுக்குது, ஓஃப் பண்ணி இருக்கேக்கயும் சிலநேரம் இழுக்குது, சின்னவள் தொட்டிட்டு அழுதவள், என்னெண்டு ஒருக்கா பார்."

ஓஃப் பண்ணியும் இழுக்குது எண்ட அந்த ஒரு சொல்லுத்தான் எனக்கு முக்கியமாப் பட்டது, ஏனெண்டா சாதாரணமா ரான்ஸ்போமர் வழியா பொடிக்கு, அதாவது பெட்டியின்ர தகரத்துக்கு, வாற மெல்லிய கசிவு எண்டா சுவிச்சை ஓஃப் பண்ண நிண்டிட வேணும். நிக்கேல்லை எண்டா சுவிச்சுக்கு முன்னுக்கே எங்கயோ பிழை இருக்கு, இல்லாட்டி சுவிச்சே பிழையான வயரில இருக்கு. ரெண்டும் இருந்தது, அதைப் பிறகு சொல்லுறன்.

இதை விரிவா எழுதிறன், ஏனெண்டா கிளிநொச்சிப் பக்கம் இப்பிடி செற் பண்ணின அம்பிளிஃபயர் கன வீட்டில இருக்குது. சத்தம் நல்லா வருதெண்டா உள்ளுக்க எல்லாம் சரி எண்டு சனம் நம்புது. சத்தத்தைத் தாறது போர்டும் ஸ்பீக்கரும், உயிரைக் காக்கிறது பிளக்கில இருந்து ரான்ஸ்போமர் வரைக்கும் வாற அந்த ஒரு சாண் வயரிங், அதைக் காதால கேட்டுக் கண்டுபிடிக்கேலாது, கழட்டித்தான் பாக்க வேணும்.

கழட்ட முதல் பிளக்கை சுவரில இருந்து உருவி என்ர மேசையில, கண்ணுக்கு முன்னால வைச்சன். சுவிச்சை மட்டும் ஓஃப் பண்ணிப்போட்டு வேலை செய்யிறது கூடவே கூடாது. மூடியைக் கழட்டின பிறகும் கையை உள்ள விடேல்லை, பெரிய கப்பாசிற்றர் ரெண்டிலயும் கரண்ட் தேங்கி நிக்கும். 1 கிலோ ஓம் 5 வற்ஸ் ரெசிஸ்ரர் ஒண்டில ரெண்டு கிளிப் வயர் போட்டு வைச்சிருக்கிறன், அதைக் கப்பாசிற்றற்ற ரெண்டு காலிலயும் ஒரு நிமிசம் பிடிச்சா மெதுவா இறங்கிடும், பிறகு மீற்றரில பாத்து 1 வோல்ற்றுக்குக் கீழ வந்ததைக் கண்ட பிறகுதான் தொடுறது. சில ஆக்கள் ஸ்குரூட்ரைவரைக் குறுக்க வைச்சு படார் எண்டு அடிப்பினம், பொறி கண்ணுக்குப் பறக்கும், கப்பாசிற்றற்ற உள் இணைப்பும் பழுதாகும், அதைச் செய்யாதேங்கோ.

மூடியைத் தூக்கினா முதலில தூசி. வன்னித் தூசி தெரியும்தானே, கிரவல் றோட்டுப் புழுதி மாவா அரைச்ச மாதிரி எல்லா மூலையிலயும் படிஞ்சிருக்கு, ரான்ஸ்போமர் சூட்டுக்குப் பக்கத்தில பல்லி முட்டைக் கோது ரெண்டு, பக்கவாட்டு ஓட்டைகள் விரல் போற அளவு பெரிசு, வலை ஒண்டும் இல்லை. கோடையில இந்தப் புழுதி காய்ஞ்சு கிடக்கும், பெரிசா ஒண்டும் செய்யாது. மாரி தொடங்கினா ஈரத்தைக் குடிக்கும், குடிச்சா அது கரண்டைக் கொண்டு போற பாதையா மாறும். மாமாவுக்கு இழுவை தொடங்கினதும் இந்த மழைக்குப் பிறகுதானாம். சின்னப் பெயின்ற் பிரஷ்ஷால தட்டி எடுத்தன், ஊதேல்லை, ஊதினா தூசி சுவிச்சுக்குள்ளயும் வொலியூமுக்குள்ளயும் போய் இருக்கும். ஆனா தூசியைத் தட்ட முதல் ஒரு அளவு எடுத்தன், அதை இல்லாமப் பண்ணிப்போட்டு அளந்தா உண்மை தெரியாது.

அளவு இதுதான். பிளக் கழட்டினபடி, மீற்றரை மேல் ஓம் ரேஞ்சில வைச்சு பிளக்கின் லைவ் (கரண்ட் வாற) பின்னுக்கும் பெட்டியின்ர தகரத்துக்கும் இடையில பாத்தன். நல்ல செற் எண்டா மீற்றர் ஒண்டும் காட்டப்படாது, திறந்தே இருக்க வேணும். இஞ்ச 400 கிலோ ஓம் கிட்டக் காட்டுது. 230 வோல்ற்றை 400 கிலோவால பிரிச்சா 0.57 மில்லிஅம்பியர். மனிசற்ற கைக்கு ஏறத்தாழ 0.5 மில்லிஅம்பியரிலயே சுள்ளெண்டு தெரியும், அதுதான் மாமாவுக்குத் தெரிஞ்சது. வீட்டு ட்ரிப் சுவிச், கரண்ட் வெளியால கசிஞ்சா தானா விழுற சுவிச், 30 மில்லிஅம்பியருக்கு விழுறது, அது ஏன் பேசாம இருந்தது எண்டும் இதில விளங்கும். ட்ரிப் சுவிச் விழேல்லை, அப்ப பிழை இல்லை எண்டு நினைக்கப்படாது. அந்தப் பாதை இன்னும் கொஞ்சம் ஈரமானா, அல்லது வயர் நேர தகரத்தில பட்டா, 0.57 எண்டது ஒரு நொடியில முழுக் கரண்டாகும்.

(மீற்றற்ற ஓம் ரேஞ்ச் சின்னப் பற்றறி வோல்ற்றிலதான் அளக்கும், இன்சுலேசனை ஒழுங்கா அளக்க 500 வோல்ற் மெகர் எண்ட மீற்றர் வேணும். ஆனா மீற்றரே பிழை காட்டினா மெகர் தேடத் தேவையில்லை, பிழை பிழைதான்.)

அந்த 400 கிலோ ஓம் எங்க இருக்கெண்டு தேடினா கன தூரம் போகேல்லை. பின்பக்கத் தகரத்தில மெயின் வயர் உள்ள வாற ஓட்டை, துளைச்சபடி விளிம்பு கூரா நிக்குது, றப்பர் வளையம் போடேல்லை, வயர் இழுபடாமல் இருக்க உள்ளுக்க ஒரு முடிச்சுப் போட்டிருக்கினம், அவ்வளவுதான். அம்பிளிஃபயரைத் தூக்கி வைக்க, தள்ள, முடிச்சு ஒவ்வொருக்காவும் அந்தக் கூர் விளிம்பில உரசியிருக்கு. டோர்ச் அடிச்சுப் பாத்தா வெளித்தோல் அறுந்து, உள்ள பிரவுன் வயரின்ர பிளாஸ்ரிக்கில மெல்லிசா ஒரு வெட்டு. கண்ணுக்கு வடிவாத் தெரியாது, நகத்தால தடவினா பிடிபடுது, பூதக்கண்ணாடியில பாத்தா வெட்டின்ர அடியில செம்பு ஒரு மயிர் அளவு மினுங்குது, அதுக்கு மேல ஈரப் புழுதி அப்பிக் கிடக்கு. பிரவுன் எண்டது லைவ். இவ்வளவு நாளும் பாட்டுப் படிச்ச அதே செற்தான் இது.

அடுத்தது எர்த், கசியிற கரண்டை நிலத்துக்குக் கொண்டு போற வயர். வயர் மூண்டு கோர், பிளக்கும் 13 அம்பியர் சதுரப் பின் பிளக், எர்த் பின்னில பச்சை மஞ்சள் வயர் ஒழுங்காப் பூட்டியிருக்கு. உள்ளுக்க வந்த பிறகு அந்தப் பச்சை மஞ்சளை ஒட்ட வெட்டி, கறுப்பு ரேப் சுத்தி மடிச்சு விட்டிருக்கினம். தகரத்தில எர்த்துக்கு எண்டு ஒரு போல்டும் இருக்கு, அதில லக்கும் (வயர் நுனியில பூட்டுற உலோக வளையம்) கிடக்கு, வெட்டின துண்டு வயர் அதில அப்பிடியே தொங்குது. அப்ப முதலில பூட்டி, பிறகு யாரோ வேணுமெண்டு வெட்டியிருக்கினம். மாமாவிட்டக் கேட்டன். "வாங்கின புதிசில ஊ எண்டு இரைஞ்சது தம்பி, கடைக்குக் கொண்டு போனன், கொஞ்ச நேரத்தில சரி பண்ணித் தந்தவை" எண்டார். இரைச்சலுக்கு மருந்தா எர்த்தை வெட்டியிருக்கினம். எனக்கு இதில கோவம் வாறதை மறைக்கேலாது. பொடி முழுக்கத் தகரம், வீட்டில சின்னப் பிள்ளை, சீமெந்து நிலம், வெறுங்கால். எர்த் இருந்திருந்தா அந்தக் கசிவு பொடியில இருந்து எர்த் வயரால போயிருக்கும், பிள்ளையின்ர கையில தெரிஞ்சிராது. வயர் முழுசாத் தகரத்தில பட்டாலும் அந்த நிமிசமே பியூஸ் போயிருக்கும், இல்லாட்டி ட்ரிப் விழுந்திருக்கும். எர்த் இல்லாட்டி ஆள் தொடுமட்டும் அது காத்துக்கொண்டு நிக்கும்.

சுவிச் பக்கம் பாத்தா அது நீல வயரில, அதாவது நியூட்ரலில, கரண்ட் திரும்பிப் போற வயரில. ஓஃப் பண்ணினாலும் லைவ் ரான்ஸ்போமர் வரைக்கும் வந்து நிக்குது, மாமா சொன்ன "ஓஃப் பண்ணியும் இழுக்குது" எண்டதுக்கு வயர் வெட்டோட இதுவும் ஒரு காரணம். பியூஸ் கோல்டரைத் திறந்தா கண்ணாடிப் பியூசின்ர மேல ரெண்டு மூண்டு தும்பு செம்புக் கம்பி முறுக்கியிருக்கு, அது எத்தினை அம்பியரில எரியும் எண்டு போட்ட ஆளுக்கே தெரிஞ்சிராது. கோல்டர் வயரிங்கும் மாறி, வெளியில இருந்து வாற வயர் கோல்டரின்ர வாய்ப்பக்க முனைக்குப் போயிருக்கு, அது பின்னடியில இருக்கிற நடு முனைக்குப் போக வேணும், அப்பதான் மூடியைத் திருகிக் கழட்டேக்க விரல் தட்டுப்பட்டாலும் கரண்ட் இராது.

இதில எனக்கு ஒரு எண்ணம் இருக்கு. எங்கட பக்கம் சண்டைக் காலத்தில கரண்ட் இல்லை. சைக்கிளைக் கவிட்டு வைச்சு பெடலைச் சுத்தி டைனமோவில ரேடியோ கேட்ட சனம், காரின்ர ட்ரக்டரின்ர பற்றறியில கசற் செற் பாட வைச்ச சனம். அந்தக் காலத்தில வேலை பழகின ஆக்களின்ர கெட்டித்தனத்தைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, ஒண்டும் இல்லாமலே எல்லாம் செய்தவை. ஆனா அந்த வேலை எல்லாம் 12 வோல்ற்றில. 12 வோல்ற்றில பிளஸ் மைனஸ் சரியெண்டாப் போதும், வயரைக் கையால முறுக்கலாம், ரேப் சுத்தலாம், தொட்டாலும் ஒண்டும் செய்யாது, எர்த் எண்ட கதையே இல்லை. அந்தப் பழக்கத்தோட கை 230 வோல்ற்றுக்கு வந்திட்டுது, அவையிட்டப் பழகின இளம் பெடியளும் அதையே செய்யினம். லைவ் எது, நியூட்ரல் எது, எர்த் ஏன் எண்டு உக்காந்து சொல்லிக் குடுக்க ஆள் இருந்திருந்தா இந்தப் பச்சை மஞ்சள் வயரை வெட்டியிருக்க மாட்டினம் எண்டுதான் நான் நம்புறன்.

சரி, எர்த்தைத் திருப்பிப் பூட்டினா இரைச்சல் திருப்பி வரும், அப்ப இரைச்சலின்ர உண்மைக் காரணத்தைக் கண்டுபிடிக்க வேணும். எர்த் வயரை வெட்டினா இரைச்சல் நிக்குது எண்டா, உள்ளுக்க கிரவுண்ட் வயரிங்கில, அதாவது பாட்டுச் சிக்னலுக்கும் போர்டுகளுக்கும் பொதுவான மைனஸ் வயரிங்கில, பிழை இருக்கு எண்டுதான் அர்த்தம். பாத்தன். உள்ளீட்டு சொக்கற் நாலும் தகரத்தில நேர இறுக்கியிருக்கு, அங்க ஒரு கிரவுண்ட். வொலியூமின்ர இரும்பு உடம்பு முன் தகரத்தில முட்டுது, அதோட டோன் போர்டின்ர (பேஸ், ட்ரெபிள் கூட்டிக் குறைக்கிற போர்ட்) கிரவுண்டை ஈயம் வைச்சிருக்கு, அங்க ஒரு கிரவுண்ட். கப்பாசிற்றர் பக்கத்தில இருந்து தகரத்துக்கு இன்னொரு வயர். ஒரே கிரவுண்ட் மூண்டு இடத்தில தகரத்தைத் தொட்டா தகரமே ஒரு வளையமா மாறி ரான்ஸ்போமற்ற காந்தத்தைப் பிடிக்கும். ரீவியையும் டிஷ் வயரையும் பூட்டினா வளையம் இன்னும் பெரிசாகும். அதுவும் போதாதெண்டு ரான்ஸ்போமற்ற நடு வயர் கப்பாசிற்றர் ரெண்டும் சந்திக்கிற இடத்துக்குப் போகாம டோன் போர்டின்ர கிரவுண்டில போய் ஏறியிருக்கு. கப்பாசிற்றர் நிரம்பேக்க ஒவ்வொரு தரமும் பெரிய கரண்ட் அந்த மெல்லிய வயரால ஓடி, பாட்டு வாற அதே கிரவுண்டை ஆட்டுது. இந்த ரெண்டு இரைச்சலும் காதுக்கு வேற வேற, வளையத்தால வாறது 50 ஹேர்ட்ஸ், மெல்லிய ஊ, கப்பாசிற்றர் நிரம்பிற கரண்டால வாறது 100 ஹேர்ட்ஸ், வண்டு மாதிரி ஒரு கரகரப்பு. இதில ரெண்டும் கலந்து இருந்தது.

சொக்கற்றுகளுக்கு பிளாஸ்ரிக் வாசர் போட்டுத் தகரத்தில இருந்து பிரிச்சன், டோன் போர்டின்ர ஈயத்தை வொலியூமின்ர உடம்பில இருந்து எடுத்தன். நடு வயரை நேர கப்பாசிற்றர் ரெண்டும் சந்திக்கிற புள்ளிக்குக் கொண்டு போனன், ஸ்பீக்கற்ற மைனஸ் ரெண்டும் போர்டின்ர கிரவுண்டும் அதே புள்ளிக்கு, அந்தப் புள்ளியில இருந்து தகரத்துக்கு ஒரே ஒரு வயர். ரான்ஸ்போமற்ற ஏசி வயர்களை இறுக்கி முறுக்கினன், சிக்னல் வயரை அதுக்குப் பக்கத்தால கொண்டு போகாம மற்றப் பக்கத்தால கொண்டு போனன், குறுக்க வெட்ட வேண்டிய இடத்தில நேர குறுக்க வெட்டினன். ஏசி வயரோட ஒட்டிக்கொண்டு சேர்ந்து ஓட விடுறதுதான் கூடாது.

எர்த்துக்குப் புது மூண்டு கோர் வயர், ஓட்டையை அரத்தால மழுக்கி, வயரை இறுக்கிப் பிடிக்கிற கிளாண்ட் போட்டு இறுக்கினன். இப்ப வயரைப் பிடிச்சுத் தூக்கினாலும் உள்ள அசையாது. எர்த் போல்டடியில கறுப்பு பெயின்ற்றை உப்புத்தாளால மினுங்க உரஞ்சினன். முதலில இருந்த லக் பெயின்ற்றுக்கு மேலதான் இருந்தது, பெயின்ற் கரண்டை விடாது, வெட்டாம இருந்திருந்தாலும் அது அரை எர்த்தான். பல் வாசர், வளைய லக், நட், அதுக்கு மேல இன்னொரு நட். எர்த் வயரை மற்ற ரெண்டையும் விட கொஞ்சம் நீளமா விட்டன், தற்செயலா வயர் இழுபட்டா கடைசியா அறுறது எர்த்தா இருக்க வேணும். பிளக்கின்ர எர்த் பின்னில இருந்து மூடி, பின்தகரம், ஹீற் சிங் (ரான்சிஸ்ரற்ற சூட்டை இழுக்கிற உலோகம்) எல்லாத்துக்கும் அளந்தன், மீற்றர் வயரின்ர ஓமைக் கழிச்சா எல்லா இடத்திலயும் 0.1க்குக் கிட்ட. லைவ் பின்னுக்கும் பொடிக்கும் இப்ப மீற்றர் ஒண்டும் காட்டேல்லை.

பியூஸ் கணக்கு சுகம். ரான்ஸ்போமர் 24-0-24, 5 அம்பியர் எண்டு எழுதியிருக்கு, 48 தர 5 எண்டா 240, அதை 230 ஆல பிரிச்சா 1 அம்பியருக்குக் கொஞ்சம் மேல. ஸ்ராற்றில இழுக்கிறதைத் தாங்க 2 அம்பியர் ஸ்லோ புளோ, மெதுவா எரியிற பியூஸ். பிளக்குக்குள்ள இருந்த 13 அம்பியர் பியூசையும் எடுத்து 3 அம்பியர் போட்டன், இந்த மெல்லிய வயருக்கு 13 கூட.

கப்பாசிற்றர் ரெண்டும் 4700 மைக்ரோ, 35 வோல்ற். இது விக்கிற கணக்கு, நிக்கிற கணக்கில்லை. 24ஐ 1.41 ஆல பெருக்கினா 34, அதில டயோட் ஒரு வோல்ற் கிட்டக் குறைக்கும், சரியாத்தான் இருக்கு எண்டு தோணும். ஆனா இரவு பத்து மணிக்குப் பிறகு எங்கட லைனில வோல்ற் ஏறும், பாட்டுப் போடாம சும்மா இருக்கேக்க ரான்ஸ்போமர் எழுதினதை விடக் கூடத் தரும், ரெண்டும் சேர்ந்தா 38, 39 வரும். நான் அளக்கேக்க 37.6. கப்பாசிற்றர் ஒண்டின்ர தலை மெல்லிசா எழும்பி நிக்குது, விரலால தடவத் தெரியும். 10000 மைக்ரோ 63 வோல்ற்றாப் போட்டன். கப்பாசிற்றர் அடியில ஆடாம இருக்க ஊத்தின மஞ்சள் பசை சூட்டில கடும் மண்ணிறமா மாறியிருந்தது, அப்பிடி மாறினா அது கரண்டைக் கடத்தும், பக்கத்துக் கால்களையும் அரிக்கும். சுரண்டி எடுத்து ஸ்பிரிட்டால துடைச்சன்.

போர்டில 5200, 1943 ரான்சிஸ்ரர் ரெண்டு சோடி. கரண்டை விடாத மைக்காத் தகடு எல்லாத்துக்கும் இருக்கு, நடுக்காலுக்கும் ஹீற் சிங்குக்கும் ஓட்டமில்லை, அது நல்ல வேலை, சொல்லத்தான் வேணும். ஒரு ரான்சிஸ்ரற்ற ஆணி மட்டும் தளந்து இருந்தது, பசை காய்ஞ்சிருந்தது, துடைச்சுப் புதுசாப் போட்டு இறுக்கினன். 0.22 ஓம் சீமெந்து ரெசிஸ்ரர் போர்டில முட்டி போர்ட் கருகத் தொடங்கியிருந்தது, கொஞ்சம் தூக்கி ஈயம் வைச்சன். பாரமான சாமான்களின்ர கால்களைச் சுத்தி ஈயத்தில வளையமா வெடிப்பு நாலு இடத்தில, பழைய ஈயத்தை உறிஞ்சிப் புதுசா வைச்சன். பின்னுக்கு 800 வற்ஸ் எண்டு ஸ்ரிக்கர், அதைப் பற்றி ஒரு வசனம் சொல்லாம விடேலாது. பாரம் ஏறேக்க 34 எண்டது 30 ஆகும், ரான்சிஸ்ரர் 3 வோல்ற் தின்னும், 27 தர 27ஐ 16 ஆல பிரிச்சா 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஒரு பக்கம் 45 வற்ஸ். ஒரு வீட்டு விறாந்தைக்கு 45 நல்லாவே காணும், 800 எண்டு எழுதின காசுக்கு ஒரு றப்பர் வளையம் வாங்கிப் போட்டிருக்கலாம்.

முதல் கரண்ட் சீரிஸ் பல்பில, அதாவது லைனுக்கும் செற்றுக்கும் இடையில பூட்டின பல்ப் வழியா, பழைய 60 வற்ஸ் குண்டு பல்ப், எல்ஈடி பல்ப் இதுக்குச் சரிவராது. பல்ப் ஒருக்கா எரிஞ்சு மங்கி நிண்டது, அப்ப சோட் இல்லை. பிறகு நேர லைனில போட்டு ஸ்பீக்கர் பூட்ட முதல் வெளியீட்டில ஸ்பீக்கருக்குக் கூடாத டிசி வோல்ற் இருக்கோ எண்டு பாத்தன், ஒரு பக்கம் 18 மில்லிவோல்ற், மற்றது 31, 50க்குக் கீழ எண்டா பயமில்லை. 0.22 ரெசிஸ்ரருக்குக் குறுக்க 11 மில்லிவோல்ற், அதாவது 50 மில்லிஅம்பியர், சூடும் அளவு. ஸ்பீக்கரைப் பூட்டி வொலியூமைக் குறைச்சு வைச்சுக் காதைக் கிட்டக் கொண்டு போனன், எர்த் பூட்டியபடி, இரைச்சல் இல்லை.

மாமா வீட்டில கொண்டு போய் வைக்க முதல் அந்த சுவர் சொக்கற்றையும் பாத்தன், உள்ள எர்த் எல்லாம் ஒழுங்கா இருந்து வெளியில எர்த் இல்லாட்டி செய்த வேலை வீண். மெயினை ஓஃப் பண்ணித் திறந்தா எர்த் ஆணி தளந்து வயர் சும்மா சாஞ்சு கிடக்கு, இறுக்கினன். ரீவியைப் பூட்ட கொஞ்சமா ஊ எண்டது, ரீவி ஒரு சொக்கற்றிலயும் அம்பிளிஃபயர் மற்றதிலயும் இருந்தது, ரெண்டையும் ஒரே எக்ஸ்ரென்சனில போட நிண்டிட்டுது. "எர்த்தை வெட்டாமலே நிக்குமெண்டா அவங்கள் ஏன் தம்பி வெட்டினவங்கள்" எண்டு மாமா கேட்டார். வெட்ட ரெண்டு நிமிசம், இதுக்கு ரெண்டு நாள் மாமா எண்டன்.

பக்க ஓட்டைகளுக்கு நுளம்பு வலை வெட்டி உள்ளால ஒட்டியாச்சு, காத்துப் போகும், பல்லி போகாது. ட்ரிப் சுவிச்சின்ர ரெஸ்ற் பட்டனை மாசத்துக்கு ஒருக்கா அமத்திப் பாக்கச் சொன்னன், ஆனா அது சுவிச் விழுதோ எண்டுதான் காட்டும், எர்த் இருக்கோ எண்டு காட்டாது. வளவில நட்ட எர்த் கம்பி பழசு, கறள் பிடிச்சு கிளிப் தளந்திருக்கு, மாரியில மண் ஈரம் எண்டபடியால் இப்ப ஒருமாதிரிச் சமாளிக்கும், ஆடி ஆவணியில மண் இறுகிக் காய்ஞ்சா காணாது. அதை வயரிங் செய்யிற ஆளைப் பிடிச்சு, எர்த் மீற்றரால அளந்து, புதுக் கம்பி நடச் சொல்லியிருக்கிறன். அது முடியுமட்டும் இடி மின்னல் எண்டா அம்பிளிஃபயர் பிளக்கையும் டிஷ் வயரையும் கழட்டி வைக்கட்டாம் எண்டு மாமிக்கும் சேர்த்துச் சொல்லிப்போட்டு வந்தன்.